பாலை விட்டவர்

அப்துல் கபூருக்கு எண்பத்தேழு சென்ரிமீற்றர் இடுப்பு இருந்தது. அதற்கு அவரே பொறுப்பு என்று பணியகம் சொன்னது. அவரும் மறுக்கவில்லை. அந்த இடுப்பை இத்தனை வருடமாக வேறு யாரும் வந்து சுமக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

பணியகம் என்றால் கரையோர உடற்பருமன் பொறுப்பேற்புப் பணியகம். கல்முனை பிரதான வீதியில் ஒரு புரியாணிக் கடையின் மேல்மாடியில் அது இயங்கியது. கீழே தாளிக்கிற வாசம் மேலே கருத்தரங்கு மண்டபத்துக்குள் நேரே ஏறி வரும். இதைப் பற்றி யாரோ முறைப்பாடு செய்தபோது பணிப்பாளர் மிஹ்லார், "சோதன இல்லாத இடத்தில பொறுப்பு வளராது" என்று விளக்கம் கொடுத்தார். கருத்தரங்குக்கு வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடும் அந்த வழியாகத்தான் ஏறி வந்தது.

பணியகத்தின் கொள்கை எளிமையானது. ஒருவர் பருத்திருந்தால் அவரே காரணம். மீன் விலையைக் குறை சொல்லக்கூடாது, கோதுமை மாவைக் குறை சொல்லக்கூடாது, நாள் முழுக்கக் குந்தியிருந்து செய்கிற தொழிலைக் குறை சொல்லக்கூடாது, உம்மாவும் அப்படித்தான் இருந்தா என்று மவுத்தாகி மண்ணுக்குள் போனவர்களை இழுக்கவும் கூடாது. வாயைத் திறந்தது யார்? இதுதான் பணியகத்தின் கேள்வி. உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் வலது கையைத் தன் வயிற்றில் வைத்து, "இது என்னுடையது, இதை நானே வளர்த்தேன்" என்று உறுதிமொழி எடுக்கவேண்டும். கர்ப்பிணித் தாய்மார் இரண்டாம் வசனத்தைச் சொல்லத் தேவையில்லை என்று பின்னால் ஒரு திருத்தம் வந்தது.

கபூர் தானாக அங்கே போகவில்லை. மகள் அம்ஹாவின் நிக்காஹ் அவரைப் போக வைத்தது. ஊரில் ஆட்கள் பருப்பதற்குக் கலியாணங்களே மூலகாரணம் என்று பணியகம் ஓர் ஆய்வில் கண்டுபிடித்திருந்தது. ஊர் நலச் சபையும் பணியகமும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தன. இனி நிக்காஹ் ஏட்டில் கையொப்பம் வைக்கிறவர் எவராக இருந்தாலும் பொறுப்பேற்பு அட்டை காட்டவேண்டும். மாப்பிள்ளை காட்டவேண்டும். பெண்ணுக்காக நிற்கிற வொலி காட்டவேண்டும். வொலி என்றால் பெண்ணின் வாப்பா. மணமகள் அந்த ஏட்டில் கையொப்பம் வைப்பதில்லையாதலால் அவளுக்கு அட்டை தேவையில்லை. இது பெண்களுக்கு வழங்கப்பட்ட விசேட சலுகை என்று சுற்றறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கபூருக்கு அம்ஹா ஒரே பிள்ளை. மருதமுனை மாப்பிள்ளை அஸ்கியின் கையைப் பிடித்து, "என்ட மகள உங்களுக்கு நிக்காஹ் செஞ்சி தந்தன்" என்று தன் வாயால் சொல்லவேண்டும். அவருக்கு இதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை. ஆள் ஏறாத நேரத்தில் ஓட்டோவுக்குள் அந்த வசனத்தை மெல்லச் சொல்லிப் பார்ப்பார். சொல்லும்போதே குரல் தழுதழுக்கும். அதைச் சரிப்படுத்தத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆகவே அட்டை எடுக்கப் போனார். வயிற்றில் கை வைத்து உறுதிமொழி சொன்னார். திரைக்குப் பின்னால் ஓர் ஆள் இடுப்பை அளந்து எண்பத்தேழு என்று கூவினான். தரவுப் பதிவாளர் றிஸ்னா கணினிக்கு முன்னால் இருந்தாள். மரியாதையான பிள்ளை. வயதில் மூத்த ஆண்களின் முகத்தை நேரே பார்த்துக் கதைக்கமாட்டாள். கேள்விகளைக் கொழும்பில் யாரோ அகர வரிசையில் அடுக்கி அனுப்பியிருந்தார்கள்.

"சீனி?"

"மூணு வருசமா இரிக்கி மகள்."

"சோறு?"

"பகலைக்கு மட்டும்."

"தொழில்?"

"ஓட்டோ."

"இருந்து செய்ற தொழிலா?"

"நிண்டுக்கிட்டு ஓட்டேலாதே மகள்."

"பாண்?"

"இடைக்கிட."

"பால்?"

"விட்டுட்டன்."

றிஸ்னாவின் விரல்கள் நின்றன. "விட்டுட்டீங்களா?"

"ஓம். முந்தி இரிந்திச்சி. ஆஸ்பத்திரியில டொக்டர் இனி வேணாமெண்டார். அதோட விட்டாச்சி."

"முழுசாவா?"

"முழுசாத்தான். முதல்ல கொஞ்சம் கஸ்டமா இரிந்திச்சி. இப்ப பழகிட்டு."

றிஸ்னா மேசையைப் பார்த்தபடி, ஒரு சகோதரியின் கரிசனையோடு, "வீட்டில தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாமலா? அவதான் முதல்ல சொன்ன, விடுங்க எண்டு. இப்ப அவவும் குறைச்சிட்டா."

இதற்கு மேல் ஒரு பெரிய மனிதரிடம் கேட்பது பண்பல்ல. றிஸ்னாவின் காதுவரை சிவந்துபோயிற்று. 'முன்னர் இருந்தது; வைத்திய ஆலோசனைப்படி முற்றாகக் கைவிடப்பட்டது; மனைவி சம்மதம்' என்று பதிந்தாள். பிறகு, "புகைத்தல்?" என்று கேட்டாள். இல்லை என்றார் கபூர். நல்ல பிள்ளை, எவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அட்டை வரவில்லை. அஸ்கியின் அட்டை வந்துவிட்டது. கையொப்பம் வைக்கத் தேவையே இல்லாத பந்தல்காரனுக்கும் சமையல்காரனுக்கும்கூட வந்துவிட்டது. கபூர் பணியகக் கந்தோருக்குப் போய்க் கேட்டார். அவரைப் பணிப்பாளரின் அறைக்கு அனுப்பினார்கள். அதுவே நல்ல அறிகுறி இல்லை.

மிஹ்லார் கணினித் திரையில் பால் என்ற இடத்தில் இருந்ததை வாசித்துக் காட்டினார். கபூருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"படச்சவனே! அது மாட்டுப் பால் சேர்! தேத்தண்ணிக்கு ஊத்துற பால்!"

மிஹ்லார் சிரிக்கவில்லை. இரக்கத்தோடு பார்த்து, அண்ணன் முறை வைத்துப் பேசினார். "காக்கா, பொறுப்புத் தட்டிக் கழிக்கிற ஆக்கள் எல்லாரும் பிறகு வந்து இப்புடித்தான் சொல்ற. சோறு திண்ட ஆள் நான் திங்கல்ல எண்டு வந்து சொல்றார். நாங்க கேக்கிறதா? வாயால உள்ள போறதுக்கும் நீங்கதான் பொறுப்பு. வாயால வெளிய வாறதுக்கும் நீங்கதான் பொறுப்பு."

கபூர் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். தாடியைத் தடவிக் காட்டினார். மிஹ்லார் இரண்டையும் பார்வையிட்டார்.

"அடையாள அட்டையில இரிக்கிறது நீங்க பிறக்கக்குள்ள இருந்த பால். நீங்க விட்டது அதுக்குப் பிறகு. தாடி ஒரு பழக்கம். நாங்க கேக்கிற பால்நிலை வேற விசயம்."

"நான் ஆம்புள சேர். அதில என்ன விசயம் இரிக்கி?"

மிஹ்லார் எழுந்து, கதிரைக்குப் பின்னால் கைகளை ஊன்றி நின்றார். அவர் கருத்தரங்குகளில் அப்படித்தான் நிற்பார்.

"ஆண் எண்டா என்ன, பெண் எண்டா என்ன எண்டு உலகம் முழுக்கப் பெரிய சண்ட நடக்கிது காக்கா. எங்கட பணியகம் அதத் தீர்த்துட்டு. ஆண் எண்டா தொண்ணூறு சென்ரிமீற்றர். பெண் எண்டா எண்பது. அந்த எல்லைக்கு மேல போனாப் பருமன். வேற வித்தியாசம் எங்களுக்குத் தெரியாது, தெரியத் தேவையுமில்ல. உங்கட இடுப்பு எண்பத்தேழு. ஆணுக்கு அது அளவு. பெண்ணுக்கு அது பருமன். நீங்க இப்ப பருமனா இல்லியா எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். தெரியாத ஒண்டுக்கு நான் எப்புடிப் பொறுப்பேற்பு அட்ட தாற?"

"அப்ப என்னய ஆம்புள எண்டு போடுங்களன்."

"அத நீங்க முடிவெடுக்கேலா."

"இடுப்புக்கு நான்தான் பொறுப்பெண்டு சொன்னீங்க."

"ஓம். பொறுப்பு உங்கட. முடிவு எங்கட." இந்த வசனம் மிஹ்லாருக்கே பிடித்துப்போயிற்று. பக்கத்தில் கிடந்த தாளில் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் அது பணியகச் சுவரில் பதாகையாகத் தொங்கியது.

பால்நிலை நிர்ணயக் குழு கூடி ஆராயும்வரை கபூர் சும்மா இருக்கக்கூடாது, கடற்கரை நடைபாதையில் தினமும் நடந்து தன் பொறுப்பைக் காட்டவேண்டும் என்று உத்தரவாயிற்று. நடைபாதை பணியகத்தின் பெருமைக்குரிய திட்டம். இரண்டு பக்கமும் வேலி, ஒரு கேற், ஒரு காவலாளி. ஆண்களுக்கு விடிய, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு. பெண்களுக்குப் பின்னேரம், அஸருக்குப் பிறகு. கபூர் விடிய எழும்பி, சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனார். காவலாளி கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"காக்கா, ஆம்புளயள்ட நேரத்தில உங்கட பேர் இல்ல."

அஸருக்குப் பிறகு வரச் சொன்னான். வந்தார். கேற்றடியில் அவரைக் கண்டதும் நடந்துகொண்டிருந்த பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு வேலியோரம் ஒதுங்கினார்கள். ஒருத்தி, "வெக்கம் கெட்ட மனிசன்" என்று சொன்னது காதில் விழுந்தது. கபூர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெண்களின் நேரத்திலும் அவருடைய பேர் இருக்கவில்லை.

"அப்ப நான் எப்ப நடக்கிற?"

காவலாளி நல்லவன். மனதார யோசித்தான். "நடுவில, உச்சி வெயில்ல, லுஹர் நேரம் ஒருத்தருக்கும் குடுக்கல்ல காக்கா. அந்த நேரம் உங்களுக்குச் சரி வரும். ஆனா அந்த நேரம் கேற் பூட்டு."

அன்றிலிருந்து கபூர் வீட்டு வளவுக்குள் நடந்தார். கிணற்றடியிலிருந்து மாமரத்துக்கு, மாமரத்திலிருந்து கோழிக்கூட்டுக்கு, அங்கிருந்து திரும்பக் கிணற்றடிக்கு. மனைவி ஸுல்பிகா குசினி வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்ன புள்ள பாக்கிற?"

"ஒண்டுமில்ல. கலியாணம் முடிச்ச நாள்லருந்து நானும் இதுக்குள்ளதான் நடக்கன். உங்களுக்கு இப்பதான் வழி தெரிஞ்சிரிக்கி."

"உனக்கென்ன, கடக்கரையில பொம்புளயளுக்கு நேரம் தந்திரிக்காங்களே. அஸருக்குப் பிறகு."

"அஸருக்குப் பிறகுதான் நீங்க பகல் சோத்துக்கு வாற."

ஸுல்பிகாவின் இடுப்பையும் பணியகம் ஒருமுறை அளந்து, எல்லை மீறிவிட்டது, பொறுப்பு அவளுடையது என்று சொல்லி அனுப்பியிருந்தது. அந்தச் செய்தியை அவள் அன்றைக்குச் சொன்னபோது கபூர் சோறு தின்றுகொண்டிருந்தார். இப்போது அது ஞாபகம் வந்தது. மாமரத்தை நோக்கி நடந்தார்.

குழு கூடியது. மூன்று பேர். மிஹ்லார், ஊர் நலச் சபைத் தலைவர், பால்நிலை பற்றி வகுப்பெடுக்கக் கொழும்பிலிருந்து வாகனத்தில் வந்த வளவாளர் அம்மையார். அம்மையார் முதலில் பேசினார்.

"ஐயா... மன்னிக்கவும். பங்குபற்றுநர் அவர்களே. இங்கே உங்களை யாரும் மதிப்பிடப் போவதில்லை. உங்கள் தெரிவை நாங்கள் முழுமையாக மதிக்கிறோம்."

"நான் ஒண்டும் தெரிவு செய்யல்ல மிஸ். நான் சொன்ன மாட்டுப் பால்."

"மறுப்பும் இந்தப் பயணத்தின் ஒரு கட்டம்தான்" என்று அம்மையார் கனிவோடு சொன்னார்.

அவர் மதிக்காமல் இருந்திருந்தால் கபூருக்கு உதவியாக இருந்திருக்கும். இதே குழுவிடம் போன வருடம் ஒருவர் உண்மையாகவே தன் பால்நிலையை மாற்றிப் பதிந்து தரும்படி கெஞ்சி வந்திருந்தார். அது மனிதர் வாயால் சொல்லி மாறுகிற விடயமல்ல என்று அவருக்கு எழுதி அனுப்பினார்கள். கபூருக்கு வாயால் சொன்ன ஒரு சொல்லே போதுமாக இருந்தது. வேண்டுமென்று கேட்டவருக்குக் கிடைக்கவில்லை, வேண்டாமென்று மறுத்தவரை விடவில்லை. இதில் குழு ஒரு முரண்பாட்டையும் காணவில்லை. இரண்டு இடத்திலும் முடிவு அவர்களுடையது.

அடுத்துச் சபைத் தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் பழைய ஆள், விசயத்துக்கு நேரே வருவார்.

"ஆம்புள எண்டா குடும்பத் தலைவன். உங்கட வீடு யார்ட பேரில இரிக்கி?"

"பொஞ்சாதிட பேரில. சீதன வீடு."

"ஆ! அப்ப நீங்க அவட வீட்டிலதான் இரிக்கிற?"

"ஓம் ஹாஜியார். நம்மட ஊரில எல்லா ஆம்புளயளும் அப்புடித்தானே இரிக்கம்."

சபைத் தலைவர் அன்று காலை மனைவியின் வீட்டில்தான் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்திருந்தார். மிஹ்லார் குடியிருந்த மாடி வீடும் மாமனார் கட்டிக் கொடுத்தது.

"இந்தக் கேள்விய விடுவம்" என்றார் தலைவர். "சமைப்பீங்களா?"

"நோம்பு காலத்தில கஞ்சி காய்ச்சுவன்."

"பள்ளிவாசலுக்கா, வீட்டுக்கா?"

"பள்ளிக்கு."

"பள்ளிக்குக் காய்ச்சினா ஆம்புள. எழுதிக்கங்க."

கபூர் பொய் சொல்லிப் பழகாதவர். "அதில கொஞ்சம் வீட்டுக்கும் கொண்டுபோவன்" என்று சேர்த்துச் சொன்னார்.

"வீட்டுக்குமா?" தலைவரின் முகம் மாறிற்று. "அப்ப யோசிக்கணும்."

மிஹ்லார் கடைசிக் கேள்வியைக் கேட்டார். "அழுவீங்களா காக்கா?"

"இல்ல சேர்" என்றார் கபூர். ஆனால் நிக்காஹ் நெருங்கிக்கொண்டிருந்தது. ஓட்டோவுக்குள் சொல்லிப் பார்க்கிற அந்த வசனம் வேண்டாத நேரத்தில் நெஞ்சுக்குள் வந்துவிட்டது. கண்ணீர் தாடியில் இறங்கிற்று. மிஹ்லார் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார். சபைத் தலைவருக்கே பாவமாகப் போயிற்று.

"அழுறது பரவாயில்ல தம்பி" என்றார். "ஆனா இப்ப பாத்து அழுதிரிக்கக் கூடாது."

தீர்மானம் திகதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. கபூர் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். அம்ஹா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நானே எனக்குக் கையொப்பம் வெக்கிறன் வாப்பா. எனக்கு அட்டையும் தேவல்லயே."

"உனக்கு அட்ட தேவல்ல மகள். ஆனா அந்த ஏட்டில நீ வெக்கிறதுக்கு இடமில்ல."

"எனக்குத்தானே கலியாணம்?"

"ஓம் மகள்" என்றார் கபூர்.

ஒரு வழி மிஞ்சியிருந்தது. வாப்பா நிற்க முடியாவிட்டால் வாப்பாவின் தம்பி வொலியாக நிற்கலாம். கபூரின் தம்பி ஜெஸீம் சாய்ந்தமருதில் இருந்தார். வயலுக்குப் போகிற வாய்க்காலில் யார் முதலில் தண்ணீரைத் திருப்பியது என்ற சண்டையில் இரண்டு பேருக்கும் பல போகமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஜெஸீமின் இடுப்பு நூற்றுநாலு. ஆனால் அவர் கையில் அட்டை இருந்தது. பணியகத்துக்கு ஆள் மெலிந்தவரா என்பது முக்கியமல்ல, பொறுப்பை ஏற்கிறாரா என்பதே முக்கியம். பால் என்று கேட்டபோது ஜெஸீம், 'ஆண்' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தார். தேத்தண்ணியில் அவர் இன்னமும் கட்டிப் பால்தான் ஊற்றிக் குடித்தார்.

கபூர் போய் வாசலில் நின்றார். ஜெஸீம் எழுந்து வந்தார். வந்த விசயத்தைக் கேட்டு முடித்தபோது அவருடைய பெரிய உடம்பு சோர்ந்துபோயிற்று.

"காக்கா, நான் நிக்கமாட்டன் எண்டு சொல்லல்ல. ஆனா அது நீங்க நிக்கிற இடம். அதில நான் நிண்டா எனக்கு எப்புடி இரிக்கும்?"

"எனக்காக நில்லு. புள்ளட காரியம் நிக்கக் கூடாது."

தண்ணீர்ச் சண்டை அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

நிக்காஹ்வுக்கு முந்திய நாள் பணியகத்திலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். மீள் அளவீடு. கபூர் போனார். குழுவுக்கு முன்னால் அழுத நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை, சாரன் இடுப்பில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. திரைக்குப் பின்னாலிருந்தவன் அளந்தான். மறுபடி அளந்தான். எழுபத்தொன்பது என்று கூவினான்.

மிஹ்லார் அறையிலிருந்து ஓடி வந்தார். கபூரைக் கட்டிப்பிடித்தார்.

"காக்கா! எண்பதுக்கும் கீழ, தொண்ணூறுக்கும் கீழ! நீங்க ஆம்புள எண்டாலும் அளவுதான், பொம்புள எண்டாலும் அளவுதான்! பிரச்சின முடிஞ்சி!"

கபூர் நழுவிய சாரனைப் பிடித்துக்கொண்டார். "அப்ப என்னய ஆம்புள எண்டு போட்டாச்சா சேர்?"

"அது இனி எதுக்கு? எல்லையத் தீர்மானிக்கத்தானே பால்நிலை தேவைப்பட்ட? நீங்க ரெண்டு எல்லைக்கும் உள்ள வந்துட்டீங்க. உங்கட இடுப்புக்கு இனி ஆணும் இல்ல, பெண்ணும் இல்ல. குழுவக் கலைச்சாச்சி. இந்தாங்க அட்ட."

அட்டை பளபளப்பாக இருந்தது. பேர் சரி. இடுப்பு சரி. பால் என்ற இடத்தில் 'தேவைப்படாது' என்று அச்சடித்திருந்தது. றிஸ்னா மேசைக்குப் பின்னாலிருந்து, "மாஷா அல்லாஹ்" என்றாள். அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். கபூர் அட்டையை நெஞ்சுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒருவேளை இது போதும் என்று ஒரு நம்பிக்கை வந்தது. அன்றிரவு கொஞ்சம் சாப்பிட்டார்.

போதவில்லை. அடுத்த நாள் வீட்டு முற்றத்துப் பந்தலில், அஸ்கிக்கு எதிரே விரித்திருந்த பாயில் கபூர் போய்க் குந்தினார். பதிவுகாரர் அட்டையை வாங்கி, மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். வெகு மரியாதையாகத்தான் சொன்னார்.

"அட்ட செல்லுபடிதான் காக்கா. ஒரு குறையும் இல்ல. ஆனா வொலி ஆம்புளயா இரிக்கணுமே. இதில தேவைப்படாது எண்டு போட்டிரிக்கி. நான் எப்புடி ஏட்டில எழுதுற?"

பந்தலில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். கபூரோடு நோம்புக் கஞ்சி காய்ச்சியவர்கள், ஓட்டோத் தரிப்பிடத்துக் கூட்டாளிகள், அவருடைய சுன்னத்துக் கலியாணத்தில் சாப்பிட்ட கிழவர்கள். அவர் ஆண்தான் என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் அதற்கு அவரவரே பொறுப்பு. கபூர் எழுந்தார். ஜெஸீம் அந்த இடத்தில் குந்தினார். உள்ளே பெண்கள் இருந்தார்கள், வெளியே ஆண்கள் இருந்தார்கள். கபூர் இரண்டுக்கும் நடுவில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெண்ணின் சம்மதம் கேட்க ஜெஸீம் அறைக்குள் போய் வந்தார்.

"புள்ள என்ன சொல்லிச்சி?" என்று பதிவுகாரர் கேட்டார்.

"வாப்பாவக் கூப்புடச் சொல்லிச்சி."

"அது பதில் இல்ல. சம்மதமா எண்டு கேட்டீங்களா?"

"கேட்டன். பேசல்ல. அழுதிச்சி."

"பேசல்லயெண்டாச் சம்மதம்தான்" என்று பதிவுகாரர் ஏட்டைத் திறந்தார்.

அம்ஹாவுக்கு அஸ்கியைப் பிடிக்கும். மாப்பிள்ளைதான் இந்த வீட்டுக்கு வரப்போகிறார், பிள்ளை எங்கேயும் போகப்போவதில்லை. நம் ஊரில் கலியாணப் பெண் அழுவதற்குக் காரணமே இல்லை. அவள் எதற்கு அழுதாள் என்பது கபூருக்கு மட்டும் தெரியும். உள்ளே போய் அவளுடைய தலையைத் தடவ அவருக்குக் கை துடித்தது. ஆனால் உள்ளே முழுக்கப் பெண்கள். குழுவையும் கலைத்துவிட்டார்கள்; போகலாமா கூடாதா என்று கேட்பதற்கும் அவருக்கு இப்போது ஆளில்லை.

ஜெஸீம் அஸ்கியின் கையைப் பிடித்தார். "என்ட..." என்று தொடங்கித் தடுமாறினார். கதவடியில் கபூரின் உதடுகள் அசைந்தன. என்ட மகள. சத்தம் வரவில்லை. "என்ட காக்காட மகள..." என்று ஜெஸீம் சொல்லி முடித்தார். அஸ்கி ஏற்றுக்கொண்டார். எல்லோரும் துஆவுக்குக் கை ஏந்தினார்கள். கபூரும் ஏந்தினார். நிக்காஹ் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு பிரதம விருந்தினர் மிஹ்லார் இரண்டாவது கோப்பை வட்டிலாப்பத்தோடு கதவடிக்கு வந்தார். பின்னால் படப்பிடிப்பாளன் வந்தான்.

"காக்கா, கல்முனையிலருந்து பாலமுன வரைக்கும் உங்கட படத்தப் பெரிசாப் போடப்போறம். பால்நிலையக் கடந்த முதல் வெற்றியாளர் எண்டு. உங்களுக்குச் சம்மதம்தானே?"

கபூர் அறைக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்ல எவ்வளவோ இருந்தது. இதுவரை அவர் சொன்னதெல்லாம் என்னவாகப் போயிற்று என்றும் அவருக்குத் தெரியும். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

மிஹ்லார் ஒரு கரண்டி வட்டிலாப்பம் தின்று முடிக்கும்வரை காத்திருந்தார்.

"பேசல்ல" என்று படப்பிடிப்பாளனிடம் சொன்னார். "சம்மதம்தான். எடுங்க."

இடுப்பு தெரியவேண்டுமென்று யாரோ அவருடைய கலியாணச் சட்டையை மேலே தூக்கிப் பிடித்தார்கள்.